ஃப்ளோட் நீடில் மாற்றியும் ஓவர்ஃப்ளோ டியூப்பில் பெட்ரோல் சொட்டுகிறது

கேள்வி:
பழைய 100 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோல் டேப்பைத் திறந்தபடி நிறுத்தினால் 10 நிமிடத்துக்குள் கார்புரேட்டரின் பவுலுக்கு (பெட்ரோல் தேங்கும் கிண்ணம்) அடியில் இருக்கும் ஓவர்ஃப்ளோ டியூப்பில் சொட்ட ஆரம்பிக்கிறது. டேப்பை மூடினால் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். ஃப்ளோட் நீடிலும் (பவுலில் மிதக்கும் ஃப்ளோட் மேலே எழும்பும்போது பெட்ரோல் வரும் வழியை மூடும் ஊசி) பவுல் ஓ-ரிங்கும் புதுசு. வேறு எங்கே பார்க்கணும்?

பதில் 1:
நீடில் புதுசு, சரி. அது உட்காருகிற பித்தளை சீட் பழசுதானே? அதில் பழுப்பாக ஒரு வளையம் படிந்திருந்தாலோ ஒரு துளி துரு ஒட்டியிருந்தாலோ புது நீடிலும் பிடிக்காது. பட்ஸில் மெட்டல் பாலிஷ் தொட்டு சீட்டைச் சுற்றித் துடைச்சு, நல்லா கழுவிடுங்க. உப்புத்தாள் போடவே கூடாது, கீறல் விழுந்தால் சீட் போச்சு.

அப்புறம் ஃப்ளோட். காதருகே வச்சு ஆட்டுங்க. உள்ளே சலசலத்தால் அது பெட்ரோல் குடிச்சிருக்கு. எடை கூடி மேலே எழும்பாது, நீடிலையும் மூடாது. சத்தம் இல்லைன்னா சுடுதண்ணியில் முக்குங்க, ஓட்டை இருந்தால் குமிழி வரும். கடைசியா ஃப்ளோட் உயரம். நீடில் நுனியில் இருக்கிற ஸ்பிரிங் பின் அழுந்தாமல், ஃப்ளோட்டின் நாக்கு அதை லேசாத் தொடுகிற நிலையில் அளக்கணும். அழுத்திப் பிடிச்சு அளந்தால் கணக்கு தப்பிடும். அளவு அந்தந்த கார்புரேட்டரின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

பதில் 2:
இதையெல்லாம் கழற்றுறதுக்கு முன்னாடி ஒரு சோதனை இருக்கு, கோளாறு எந்தப் பக்கம்னு அதுவே சொல்லிடும். இன்ஜின் ஆறினதும், காற்றோட்டமான இடத்தில் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிமிர்த்துங்க. பவுல் அடியில் இருக்கிற டியூப்பை எடுத்துட்டு, கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப்பை மாட்டி, பவுலை ஒட்டி மேல்நோக்கிப் பிடிங்க. டிரெய்ன் ஸ்க்ரூ (பவுலில் இருக்கிற பெட்ரோலை வடிக்கிற ஸ்க்ரூ) மூடியே இருக்கட்டும். டேப்பைத் திறங்க.

பவுல் கார்புரேட்டரோடு சேருகிற கோட்டைத் தாண்டி பெட்ரோல் ஏறிக்கிட்டே போனால் நீடில், சீட், ஃப்ளோட் மூணில் ஒண்ணு. கோட்டுக்குச் சில மில்லிமீட்டர் கீழேயே நின்றால் பவுலில் பெட்ரோல் லெவல் சரி, கசிவு வேற வழி. லெவல் சரியா இருந்து ஸ்க்ரூவும் மூடியிருந்தால் டியூப் காலியாத்தான் இருக்கணும்.

கேட்டவர்:
செய்து பார்த்தேன். ஸ்க்ரூ மூடியிருந்தும் டியூப்பில் பெட்ரோல் ஏறியது, ஆனால் கோட்டுக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது.

பதில் 2:
அப்போ நீடிலும் ஃப்ளோட்டும் தப்பிச்சாச்சு. பாக்கி ரெண்டுதான்: டிரெய்ன் ஸ்க்ரூ நுனி சரியா உட்காரலை, இல்லைன்னா பவுலுக்குள்ளே நிற்கிற ஓவர்ஃப்ளோ குழாயில் விரிசல். பவுலைக் கழற்றி, குழாயின் வாய்க்குச் சற்றுக் கீழே வரை பெட்ரோல் ஊற்றி, அடியில் வெள்ளைக் காகிதம் விரிச்சுப் பாருங்க. ஸ்க்ரூ பிடிச்சும் காகிதம் நனைந்தால் குழாய்தான். விரிசல் பெரும்பாலும் நெட்டுவாக்கில் முடி மாதிரி ஓடும், லென்ஸ் வச்சால்தான் தெரியும். ஈயம் பற்ற வைக்கலாம், ஆனால் பெட்ரோல் வாடையே இல்லாத அளவுக்கு பவுல் காய்ந்த பிறகுதான். சாதாரண எம்-சீல் வகையை நம்பாதீங்க, பெட்ரோலில் ஊறி விட்டுடும். பவுல் கிடைச்சால் மாற்றிடுறது மேல்.

பதில் 3:
இந்த வண்டிக்கு இல்லைன்னாலும், இதே கேள்வியோடு வருகிறவங்களுக்கு: லெவல் கோட்டைத் தாண்டியிருந்தால், கிக் அடிக்கும் முன் டிப்ஸ்டிக்கை (இன்ஜின் ஆயில் அளவு பார்க்கிற குச்சி) எடுத்து மோந்து பாருங்க. பெட்ரோல் இன்டேக் வழியா இன்ஜினுக்குள் இறங்கியிருக்கலாம். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி, தண்ணியா, பெட்ரோல் வாடையோடு இருந்தால் ஆயிலை மாற்றாமல் ஸ்டார்ட் பண்ணாதீங்க, பேரிங் தேயும். கிக்கர் கல்லு மாதிரி நின்றால் பலம் போடாதீங்க; பிளக்கைக் கழற்றி, நெருப்புப்பொறி படாமல் மெதுவா மிதிச்சு உள்ளே தேங்கினதை வெளியேற்றுங்க.

டேப்பையும் பாருங்க. மூடிய நிலையில் ஹோஸைக் கழற்றி பாட்டிலில் விட்டு அரை மணி நேரம் வைங்க. ஒரு சொட்டு விழுந்தாலும் உள்ளே இருக்கிற ரப்பர் வாஷரை மாற்றணும்.