ஸ்ட்ரூப் சோதனை: வித்தியாசம் வரவில்லை, விகிதத்தை எப்படி மாற்றுவது?

சைக்கோபை என்ற உளவியல் சோதனை மென்பொருளில் அமைத்த தமிழ் ஸ்ட்ரூப் சோதனையில் சிக்கல். நிறப்பெயர் ஒன்றைக் காட்டி, சொல்லை விட்டுவிட்டு எழுத்தின் நிறத்தை மட்டும் கேட்கும் சோதனை இது. சொல்லும் எழுத்தின் நிறமும் பொருந்தாதபோது பதில் தெளிவாகத் தாமதமாக வேண்டும். 1935 முதல் திரும்பத் திரும்ப உறுதியான விளைவு இது. எங்கள் தரவில் சராசரி வித்தியாசம் 15 மில்லிசெகண்ட்தான்.

கல்லூரி ஆய்வகக் கணினி, 32 மாணவர்கள், தனித்தனியாக. சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள். நிறத்துக்கு ஒரு கீ. பயிற்சி 24 டிரையல், பிறகு 96. எல்லாச் சொல்லையும் எல்லா நிறத்தோடும் சமமாகக் கலந்ததால் பொருந்துபவை 24, பொருந்தாதவை 72.

தவறான பதில்களையும் 200 மில்லிசெகண்டுக்குக் குறைந்தவற்றையும் நீக்கியாயிற்று. மீடியன் எடுத்தும் பார்த்தாயிற்று. பாதிப் பேருக்குக் கீ இடம் மாற்றியும் அசையவில்லை. வாயால் சொல்வதைவிடக் கீ அழுத்தும்போது விளைவு குறையும், ஆனால் இவ்வளவு குறையாது. முக்கால்வாசி பொருந்தாதவை என்பதால் சொல்லையே கவனிக்காமல் விடப் பழகிவிடுகிறார்கள் என்பதுதான் என் சந்தேகம்.

48:48 ஆக்கினால் 'சிவப்பு' என்ற சொல் 24 தடவையில் 12 தடவை சிவப்பிலேயே வரும், மற்ற நிறம் ஒவ்வொன்றிலும் 4 தடவைதான். அப்போது சொல்லே விடையைக் காட்டிக்கொடுக்கும். வரும் வித்தியாசம் ஸ்ட்ரூப் விளைவா, வெறும் பழக்கமா என்று பிரிக்க முடியாது.

4 நிறங்களையும் வைத்துக்கொண்டே, இந்தச் சாய்வு இல்லாமல் 50:50 டிரையல் பட்டியல் அமைப்பது எப்படி?