புதுப்பிப்பு: ஒரு பக்கம் மட்டும் கேட்ட குரல்

மூன்று வாரங்களுக்கு முன் கேட்டிருந்தேன்: சிஸ்கோவின் 350-801 கொலாபரேஷன் தேர்வுக்காக (இணையவழித் தொலைபேசி, வீடியோ அழைப்பு பற்றியது) வீட்டில் அமைத்த சோதனைக்கூடத்தில் மணி அடிக்கிறது, அழைப்பும் இணைகிறது, ஆனால் நான் பேசுவது மட்டும் போய்ச் சேருகிறது, எதிர்முனைக் குரல் எனக்குக் கேட்கவில்லை. ஏன்?

காரணம் அகப்பட்டுவிட்டது! வலையில் போகும் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கில், அழைப்பைத் தொடங்கும் என் பக்கத்து இன்வைட் செய்தியைத் திறந்து, குரலை எங்கே அனுப்ப வேண்டும் என்று சொல்லும் எஸ்டிபி பகுதியை வரி வரியாகப் படித்தேன். 'சி=' என்று தொடங்கும் வரியில் 192.168 என்று தொடங்கும், வீட்டு வலைக்குள் மட்டும் செல்லும் உள் முகவரி. ரூட்டர் பாக்கெட்டின் தலைப்பில் (ஹெடரில்) இருந்த முகவரியை வெளி முகவரியாக மாற்றியிருந்தது. உள்ளே எழுதியிருந்ததைத் தொடவே இல்லை. எதிர்முனை அந்த உள் முகவரிக்கே குரலை அனுப்பிக்கொண்டிருந்தது. எப்படி வந்து சேரும்? எல்லையில் கியூப் (இரு வலைகளுக்கு நடுவே நின்று அழைப்புகளைக் கடத்தும் சிஸ்கோ அமைப்பு) அமைத்து, குரலும் அதன் வழியாகவே போகும்படி செய்ததும் இரு பக்கமும் தெளிவாகக் கேட்டது.

ஓர் அழைப்புக்கு எவ்வளவு பேண்ட்விட்த் வேண்டும் என்ற கணக்கை மனப்பாடம் செய்யாமல் போட்டுப் பார்க்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையில் ஒரு பாக்கெட்டுக்கு 160 பைட் குரல், 40 பைட் தலைப்புகள், நொடிக்கு 50 பாக்கெட். ஈதர்நெட் தலைப்பைச் சேர்க்காமலே நொடிக்கு 80 கிலோபிட். குரலை இன்னும் சுருக்கும் ஜி.729-இல் குரல் 20 பைட்தான், தலைப்போ அதே 40! குரலுக்கு மட்டும் 8 கிலோபிட், தலைப்போடு 24 ஆகிவிடுகிறது.

குரலுக்கு 46, அழைப்பை இணைக்கும் செய்திகளான சிக்னலிங்குக்கு 24 என்ற டிஎஸ்சிபி எண்கள் (பாக்கெட்டின் முக்கியத்துவத்தைக் குறிப்பவை) பழகிவிட்டன. நெரிசலில் எந்தப் பாக்கெட்டை முதலில் அனுப்புவது என்ற வரிசை முன்னுரிமைதான் இன்னும் பிடிபடவில்லை. இந்த வாரம் முழுக்க அதுதான்.