கராஜ் லேஅவுட்டுக்கு இன்சுலேஷன் வீண் செலவாமே!

தகரக்கதவு:
மாடல் ரயில் லேஅவுட்டுக்காக, அதாவது பலகைமேல் போடும் குட்டி ரயில் பாதைக்காக, கராஜை மாற்றுகிறவர்கள் சூடும் குளிரும் புகாமல் தடுக்கும் இன்சுலேஷனில் பணத்தைக் கொட்ட வேண்டாம், தண்டவாளம் வெயிலால் வளைவதில்லை, பலகையில் ஏறும் ஈரத்தால்தான் வளைகிறது என்று பழையலோகோ ஐயா வேறொரு இழையில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். புதிதாக வந்த ஒருவர் அதை நம்பி, வாங்கி வைத்த ஃபோம் பலகைகளைத் திருப்பிக் கொடுக்கப் போகிறாராம். படித்ததும் வயிறு எரிந்தது.

நிக்கல் சில்வர் தண்டவாளம் ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 0.017 மி.மீ. நீளும். 10 மீட்டர் ஓட்டம், 30 டிகிரி ஏற்ற இறக்கம் என்றால் 5 மி.மீ. அந்த 5 மி.மீ. எங்கே போகும்? இடம் இல்லையென்றால் பக்கவாட்டில்தான் பிதுங்கும்.

பழையலோகோ:
என்னை இழுக்காமல் தம்பிக்குப் பொழுது போகாது. சரி.

5 மி.மீ. என்பது பள்ளிக்கூடக் கணக்கு. என் கராஜில் இருபது வருடமாக லேஅவுட் ஓடுகிறது. சுவரில் ஒரு துண்டு ஃபோம் கிடையாது. வளைந்தது ஒரே ஒரு முறை. அதுவும் அடைமழையில், ஒரு வாரமாக வெயிலே எட்டிப் பார்க்காதபோது. குனிந்து தடவிப் பார்த்தேன். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகையின் விளிம்பு நனைந்த அட்டை மாதிரி உப்பியிருந்தது, மேலே பாதைக்கு அடியில் விரித்த கார்க் பிளந்திருந்தது, தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளில், அதாவது சிலீப்பர்களில், நாலின் கொக்கி தெறித்துத் தண்டவாளம் வில்லாக நின்றது. இதில் வெயில் எங்கே வந்தது? மரம்தான்.

பாயிண்ட்ஸ்மேன்:
நான் கணக்குப் போடவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன். இரண்டு தண்டவாள முனைகளுக்கு நேராகப் பலகையில் பென்சில் கோடு போட்டு ஒரு வாரம் கவனித்தேன். மதியம் 2 மணிக்கு முனைகள் முட்டிக்கொண்டு நின்றன. இரவு 10 மணிக்கு நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தது. எட்டு மணி நேரத்தில் மரம் ஈரத்தைக் குடித்து, அதை வெளியே விட்டும் விடுமா?

பழையலோகோ:
எந்தப் பலகை? பெயிண்ட் அடித்ததா? அடியிலும் அடித்ததா? ஒன்றையும் சொல்லாமல் விசிட்டிங் கார்டை நீட்டுகிறீர்கள். 10 மீட்டர் மரம் 0.1 சதவீதம் அசைந்தாலே 10 மி.மீ. உங்கள் 5 மி.மீ.க்கு அது இரட்டிப்பு. மரம்தான்.

தகரக்கதவு:
0.1 சதவீதம் என்பது பச்சை மரம் முழுக்கக் காய்ந்தால் நீளவாக்கில் சுருங்கும் அளவு ஐயா. கராஜில் லேஅவுட் வைத்திருக்கிறீர்களா, தோப்பு வைத்திருக்கிறீர்களா?

பழையலோகோ:
நான் சொன்னது எம்.டி.எஃப். அது நார், நாரில் நீளவாக்கு ஏது? படித்துவிட்டுப் பதில் போடுங்கள்.

தகரக்கதவு:
மேலே "10 மீட்டர் மரம்" என்று எழுதியது யார்? என் பாட்டனாரா?

ஈயப்பற்று:
எனக்கு ஒன்று புரியவில்லை. 5 மி.மீ. என்றால் பத்து மூட்டு வைத்து, ஒவ்வொரு மூட்டுக்கும் அரை மி.மீ. இடைவெளி கொடுத்தால் முடிந்தது கதை. போன வருடம் "எல்லா மூட்டையும் ஈயம் வைத்துப் பற்றவையுங்கள், அப்போதுதான் கரண்ட் ஒழுங்காகப் போகும்" என்று இங்கே பாடம் எடுத்தது பாயிண்ட்ஸ்மேன்தானே? அதைக் கேட்டு நான் பற்றவைத்த பதினெட்டு மூட்டுகளையும் போன மாதம் ரம்பத்தால் அறுத்தேன். விசிட்டிங் கார்டு நுழைந்ததாம். எனக்கு நுழையவே இல்லை, சாமி.

பாயிண்ட்ஸ்மேன்:
வளைவில் உள்ள மூட்டுகளை மட்டும் பற்றவைக்கச் சொன்னேன். நேர்ப்பாதையில் இடைவெளி விட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் தனியாக வயர் இழுக்கச் சொன்னேன். பாதியைப் படித்துவிட்டுப் பாதியை அறுத்தால் நான் என்ன செய்வது?

ஈயப்பற்று:
அந்தப் பாதி எங்கே இருக்கிறது? காட்டுங்கள் பார்ப்போம்.

வெள்ளிப்பாதை:
நான் அதற்காகத்தான் ஸ்டீல் தண்டவாளம் போட்டேன். வெள்ளி கலந்தால் அதிகமாக நீளத்தானே செய்யும்?

தகரக்கதவு:
நிக்கல் சில்வரில் வெள்ளி துளியும் கிடையாது. செம்பு, துத்தநாகம், நிக்கல், அவ்வளவுதான். ஸ்டீல் கொஞ்சம் குறைவாக நீளும், உண்மை. ஆனால் ஐயா சொல்லும் அந்த ஈரத்தில் துருப்பிடித்து, மாதம் ஒரு முறை தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

பழையலோகோ:
ஆக, ஈரம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாயிற்று. நன்றி.

தகரக்கதவு:
ஈரம் இல்லை என்று யார் சொன்னது? வளைத்தது எது என்பதுதான் பேச்சு. 5 மி.மீ.க்குப் பதில் சொல்லுங்கள்.

குட்டிஎஞ்சின்:
மன்னிக்கவும், ஃபோமைத் திருப்பிக் கொடுக்கப் போகிற ஆள் நான்தான். ஒரு சந்தேகம். 20 டிகிரியும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று 12 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீர் பூக்கும் என்று படித்தேன். இரவில் என் தகரக் கதவு உள்பக்கம் வியர்த்து வழிகிறது. அப்படியென்றால் ஈரத்தைத் தடுக்கவும் இன்சுலேஷன் வேண்டும்தானே? இரண்டு பேரும் ஒன்றைத்தான் சொல்கிறீர்களோ?

பழையலோகோ:
இல்லை.

தகரக்கதவு:
கண்டிப்பாக இல்லை.

பழையலோகோ:
தம்பி குட்டிஎஞ்சின், முதலில் தரையைப் பாருங்கள். காங்கிரீட்டில் ஒரு பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் கழித்துத் தூக்குங்கள். அடியில் ஈரம் இருந்தால் தரை வழியாக வருகிறது. மேலே இருந்தால் காற்றிலிருந்து வருகிறது. நான் எல்லாம் பார்த்தவன். குளிர் மாதங்களில் மண்ணெண்ணெய் ஹீட்டரை இரண்டு மணி நேரம் ஓட்டுவேன், கராஜ் காய்ந்துவிடும். சுவருக்குச் சட்டை போடும் வேலையெல்லாம் எனக்குத் தேவைப்படவில்லை.

ஈயப்பற்று:
ஹீட்டரில் புகைபோக்கி உண்டா?

பழையலோகோ:
இல்லை. எதற்கு?

ஈயப்பற்று:
ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகக் காற்றில் சேரும். கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டினால் மூச்சுக்கும் ஆபத்து. உங்கள் எம்.டி.எஃப்புக்கு இருபது வருடமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்தது நீங்களேதான்!

தகரக்கதவு:
😂😂😂

பழையலோகோ:
ஹீட்டரைப் பற்றி இங்கே யார் கேட்டது? பேச்சு தண்டவாளத்தைப் பற்றி. நேரே பதில் இல்லாதவர்கள்தான் ஹீட்டருக்குத் தாவுவார்கள். தகரக்கதவு இதுவரை தன் லேஅவுட்டின் ஒரு படமாவது போட்டதுண்டா? 10 மீட்டர் நேர்ப்பாதை வைத்திருக்கிறாரா, இல்லை 10 மீட்டரும் காகிதத்தில்தானா? அதோடு அவர் ஓட்டுவது 1:76 எஞ்சின், அதாவது நிஜ எஞ்சினில் 76-இல் ஒரு பங்கு அளவு. அது ஓடும் 16.5 மி.மீ. பாதை 1:87-க்குத்தான் பொருந்தும். பாதையின் அகலத்திலேயே தப்பு வைத்திருப்பவர் நீளத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டார்.

தகரக்கதவு:
1:76 எஞ்சினை 16.5 மி.மீ. பாதையில் உலகமே ஓட்டுகிறது. அதை நான் கண்டுபிடித்த மாதிரி பேசுகிறீர்கள். 5 மி.மீ. ஐயா, 5 மி.மீ.! எங்கே போகும்?

பழையலோகோ:
மரம்தான்.

குட்டிஎஞ்சின்:
சரி, ஃபோமைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கதவிலேயே ஒட்டலாமா, இல்லை உள்ளே தனிச் சட்டம் அடிக்க வேண்டுமா? பக்கத்தில் வயர் போகிறது. ஃபோமில் உள்ள பாலிஸ்டைரீன் பட்டால் பிவிசி வயரின் உறை கெட்டுவிடும் என்கிறார்களே?

பாயிண்ட்ஸ்மேன்:
அதற்கு முன்னால் ஈயப்பற்று அந்தப் பதினெட்டு மூட்டும் வளைவா, நேரா என்று சொல்லட்டும்.

பழையலோகோ:
படம் இன்னும் வரவில்லை.