காடு பூரா மரவள்ளி ஆனப்புறம் வீட்டுச் சாப்பாடு ஏன் இளைச்சுப் போச்சு?

மேட்டுக்காட்டான்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. எங்க ஊரு கொல்லிமலை மேல, நாமக்கல் மாவட்டம். மேட்டுக்காடு ரெண்டரை ஏக்கர், கீழ பள்ளத்துல கொஞ்சம் நெல்லு வயல். தாத்தா இருந்தவரைக்கும் மேட்டுக்காட்டுல சாமை, ராகி, கொஞ்சம் தினை. அப்பா காலத்துல பாதி மரவள்ளி ஆச்சு, இப்ப கொஞ்ச வருஷமா முழுக்காடும் மரவள்ளி தான், ஓரத்துல சில்வர் ஓக் வச்சு மிளகு ஏத்தி விட்டிருக்கோம். காசு வருது, இல்லேன்னு சொல்ல மாட்டேன், தங்கச்சி காலேஜ் படிக்கிறதே கிழங்கு வித்த காசுல தான்.

ஆனா ஒண்ணு புரிய மாட்டேங்குது. அண்ணி மாசமா இருக்காங்க, செக்கப்புக்குப் போனா ரத்தம் கம்மின்னு சொல்லி மாத்திரை குடுத்திருக்காங்க, அம்மாவுக்கும் அதே கதை தான். வீட்ல யாரும் பட்டினி கெடக்கல, ரேஷன் அரிசி வருது, பத்தலைன்னா சந்தைல வாங்கிக்கிறோம். ஆனா தட்டுல பாத்தா சோறு, தண்ணியா ஒரு புளிக்கொழம்பு, என்னைக்காவது முட்டை, அவ்ளோதான். காசே இல்லாத காலத்துல கூட இதவிட நல்லா தின்னோம்டான்னு பாட்டி சொல்றாங்க, அத வயசானவங்க பேச்சுன்னு ஒதுக்க எனக்கு மனசு வரல. மழைக்கு முன்னாடி அப்பாகிட்ட பேசி அரை ஏக்கராவது திரும்ப தானியத்துக்கு விடலாமான்னு யோசிக்கிறேன். ஆனா எப்படிப் போட்டாலும் கணக்குல கிழங்கு தான் ஜெயிக்குது. அந்தக் கணக்குல எது விட்டுப்போகுதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ராசிபுரம்_விவசாயி

தம்பி, நீங்க ராகி எத்தன மூட்டை, கிழங்கு எத்தன டன்னுன்னு வச்சு கணக்கு போட்டிருப்பீங்க, அங்க தான் விட்டுப்போகுது. ராகிக்காடுன்னா அதுல ராகி மட்டும் எங்க இருந்துச்சு? எட்டு பத்து சாலுக்கு ஒரு சால் தொவரை, அவரை, மொச்சை, வரப்புல ஆமணக்கு, அங்கங்க கடுகு, பூசணிக்கொடி. களை எடுக்கப் போறப்ப மடி நெறைய பண்ணைக்கீரை, தொய்யக்கீரை. அறுத்தப்புறம் தாளு மாட்டுக்கு, மாடு இருந்ததால வீட்ல மோரு. இதுல ஒண்ணு கூட வித்த கணக்குல வராது, ஏன்னா யாரும் வித்ததே இல்ல, நேரா சட்டிக்குப் போச்சு. மரவள்ளி போட்டதும் ராகி மட்டும் போகல, கூட இருந்த இது அத்தனையும் சேந்து போச்சு. ராகிக்குப் பதிலா ரேஷன் அரிசி வந்துடுச்சு, அதனால வயிறு காயல. அந்தத் தொவரைக்கும் கீரைக்கும் மோருக்கும் பதிலா என்ன வந்துச்சு?

பருப்பு ரேஷன்ல வருதேன்னு கேக்கலாம். கார்டுக்கு மாசம் 1 கிலோ, 30 ரூபாய்க்கு. உங்க வீட்ல ஆறு பேர்னு வச்சுக்குங்க, 1000 கிராம முப்பது நாளைக்கும் ஆறு பேருக்கும் பிரிச்சா ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 கிராம் கூட வரல. ஹைதராபாத்ல இருக்குற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு ஆளுக்கு நாளைக்கு 80 கிராமுக்கு மேல பருப்பு வகை வேணும்னு சொல்லுது. மிச்சத்த கடைல தான் வாங்கணும். கிழங்குக்காசுல வாங்கலாமேன்னு பாத்தா அந்தக் காசு வருஷத்துல ஒரு தடவ மொத்தமா வருது. வந்த வாரத்துலயே உரக்கடை பாக்கி, கைமாத்து, வண்டி டியூ, காலேஜ் பீஸ்னு போயிடும், அப்புறம் மிச்ச மாசமெல்லாம் சந்தைக்குப் போற பொம்பளைங்க கைல நூறு எரநூறு தான் இருக்கும், அதுல பருப்பு எங்க வாங்குறது. தொவரை காட்டுல இருந்தா அதுக்கு யாருகிட்டயும் காசு கேக்க வேண்டியதில்ல.

இன்னொன்னு, ராகிய மூட்டை கட்டி வச்சா வருஷக்கணக்கா கெடக்கும், பூச்சி அண்டாது, வெல நல்லா இருந்தா விக்கலாம் இல்லன்னா திங்கலாம். மரவள்ளிய புடுங்கிட்டா ரெண்டு மூணு நாள்ல கருக்க ஆரம்பிச்சிடும், ஏவாரி சொன்னது தான் வெல, மாவு பாயிண்ட், அதாவது கிழங்குல மாவுச்சத்து எவ்ளோங்கிற அளவு, இவ்ளோ தான்னு அவன் சொன்னா அதையும் ஒத்துக்கணும். ஒரே வருஷத்துல டன் வெல பாதியா எறங்குறத சேலம் நாமக்கல் பக்கம் பாக்காத ஆளு இல்ல. போதாக்குறைக்கு 2020க்கு அப்புறம் மாவுப்பூச்சி வேற, அந்தப் பூச்சிய அழிக்க ஆப்பிரிக்கால பெனின்ல இருந்து ஒட்டுண்ணிக் குளவி கொண்டுவந்து 2022ல சேலம் பக்கம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்துல விட்டாங்களே, அந்த அளவுக்குப் போச்சு. முழுக்காட்டையும் இத நம்பி விடுறது எனக்குச் சரியாப் படல.

தருமபுரி_அக்கா

ராசிபுரம் அண்ணா சொன்னது எல்லாம் உண்மை தான், ஆனா ஆம்பளைங்க இதப் பேசுறப்ப ஒரு விஷயத்த தாண்டிப் போயிடுறீங்க. சாமைய யாரு குத்துனது? எங்கம்மா விடிகாலை உரல்ல சாமைய போட்டு குத்தி, பொடச்சு, திரும்பக் குத்தி, திரும்பப் பொடச்சு, அதுக்கப்புறம் தான் காட்டு வேலைக்கே கெளம்புவாங்க, கை ரெண்டும் காப்பு காச்சிப் போயிருக்கும். 2011 ஜூன்ல ரேஷன் அரிசி இலவசமா வந்தப்ப எங்க ஊரு பொம்பளைங்க பட்ட நிம்மதி எனக்குத் தெரியும். அந்த அரிசிய குறை சொல்ல எனக்கு வாய் வராது, பஞ்சம் பாத்த வீடுகளுக்கு அது உசுரு. அதனால திரும்ப சாமை போடணும்னா மொதல்ல தோல் நீக்குற மெஷின் பக்கத்துல எங்க இருக்குன்னு பாத்துட்டுப் போடுங்க. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 90கள்ல இருந்து உங்க கொல்லிமலைல சிறுதானிய வேலை செய்யுது, வெதை மட்டும் குடுத்தா பத்தாதுன்னு தான் அவங்களே ஊருக்குள்ள அரவை மெஷினும் வச்சுக் குடுத்தாங்க. ராகிக்கு இந்தத் தொல்லை இல்ல, அலசிக் காயவச்சு நேரா மாவு மில்லுக்குக் கொண்டுபோயிடலாம், அதனால ராகில ஆரம்பிங்கன்னு சொல்வேன்.

ராகி சுண்ணாம்புச்சத்துக்கு ரொம்ப நல்லது, 100 கிராம்ல 340 மில்லிகிராமுக்கு மேல இருக்கு, தீட்டுன அரிசில 10 கூட தேறாது. ஆனா அண்ணிக்கு ரத்தம் ஏற ராகிக்களி மட்டும் போதும்னு நெனச்சு மாத்திரைய நிறுத்திடாதீங்க தம்பி. மாத்திரை ஒழுங்கா போடணும், கூட கீரை, பயறு, கொஞ்சம் எலுமிச்சையோ நெல்லிக்காயோ. சாப்பிட்ட கையோட டீ குடிக்கிற பழக்கம் இருந்தா அத ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடச் சொல்லுங்க, இரும்புச்சத்து ஒடம்புல சேர விடாது. எங்க மாவட்டத்துலயும் நீலகிரிலயும் 2023 மே மாசத்துல இருந்து ரேஷன்ல 2 கிலோ அரிசிக்குப் பதிலா 2 கிலோ ராகி வாங்கிக்கலாம்னு கொண்டுவந்தாங்க, அது எல்லா மலைக்கும் வரணும்னு நான் ஆசப்படுறேன்.

கூலிக்காரன்_மகன்

நானும் ஒண்ணு சொல்லணும். இங்க எல்லாரும் காடு வச்சிருக்கவங்க வீட்டப் பத்தியே பேசுறீங்க. எங்களுக்கு சொந்தக் காடு கெடையாது. ராகி, சாமை அறுப்புன்னா அப்பாவும் அம்மாவும் தானியமாவே கூலி வாங்கிட்டு வருவாங்க, மூணு நாலு மாசத்துக்கு ஓடும். களை எடுக்குற காட்டுல கீரை பறிக்க யாரும் வேணாம்னு சொன்னதில்ல, அறுத்த காட்டுல சிந்துன கதிரு பொறுக்கிக்கலாம், ஆட்டையும் அங்கயே மேய விடலாம். மரவள்ளி வந்தப்புறம் நடுறதுக்கும் புடுங்குறதுக்கும் தான் ஆள் கூப்பிடுறாங்க, அதுவும் புடுங்குற வேலைய ஏவாரியே வெளிய இருந்து ஆள் கூட்டிட்டு வந்து முடிச்சிட்டுப் போயிடுறான், நடுவுல களைக்கு மருந்து அடிச்சிடுறாங்க, கீரை எங்க மொளைக்கும். மரவள்ளித்தழைய தின்னு ஆடு செத்துப்போறதும் நடக்குது, அதனால அந்தப் பக்கமே ஓட்ட முடியல. நெலத்துக்காரங்க தான் பயிர மாத்துறாங்க, ஆனா மொதல்ல கொறையுறது எங்க வீட்டு சட்டி. எங்களுக்கு ரேஷனும் நூறு நாள் வேலையும் இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்னு நெனச்சுப் பாக்கவே முடியல.

மேட்டுக்காட்டான்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ஆளுக்கு 6 கிராம்ங்கிற கணக்க அப்பாகிட்ட அப்படியே சொன்னேன், கொஞ்ச நேரம் எதுவும் பேசல, அப்புறம் அவரே அரை ஏக்கர் விடலாம்டான்னுட்டார். கூலிக்காரன் மகன் அண்ணா எழுதுனத அம்மாகிட்டப் படிச்சுக் காட்டுனேன், எங்க காட்டுக்கு களை எடுக்க வந்தவங்க பேரெல்லாம் வரிசையா சொல்றாங்க, இப்ப அதுல பாதிப் பேர் திருப்பூர் போயிட்டாங்க. ஆனா அப்பாவுக்கு ஒரு பயம் இருக்கு, சுத்தி எல்லாக் காடும் மரவள்ளியா இருக்கறப்ப நடுவுல நம்ம மட்டும் சாமையோ ராகியோ போட்டா மலைல இருக்குற குருவி பூரா நம்ம காட்டுல தான் வந்து எறங்கும், பன்னி வேற. இதுக்கு என்ன பண்றது?

ராசிபுரம்_விவசாயி

அப்பா சொல்றது சரி தான் தம்பி, நெறைய பேர் தானியத்த விட்டதுக்கு இதுவும் ஒரு காரணம். ஊரே சாமை போட்டப்ப குருவி தின்னது ஆளுக்கு ரெண்டு படி கூட வராது, ஒருத்தர் மட்டும் போட்டா அத்தனையும் அவரு தலைல. அதனால தனியா போடாதீங்க, பக்கத்துக் காட்டுக்காரங்க ரெண்டு மூணு பேரு கிட்டப் பேசுங்க, ஆளுக்கு அரை ஏக்கர், ஒரே வாரத்துல வெதைக்கணும், கதிரு ஒண்ணா முத்தி ஒண்ணா அறுப்புக்கு வரணும். முன்ன பின்ன போட்டா குருவிக்கு ரெண்டு மாசத்துக்குத் தீனி போட்ட மாதிரி ஆயிடும். காவலுக்கு முறை வச்சுக்கலாம், பன்னி ராத்திரில தான் வரும், அதுக்கும் நாலு வீடு சேந்தா தான் பரண் போட்டு காக்க முடியும்.

கூலிய தானியமா குடுக்கறதப் பத்தியும் அந்த நாலு பேரும் பேசி வச்சுக்குங்க, கேக்குறவங்களுக்கு தானியமாவே குடுத்துடலாம். களைக்கொல்லி மட்டும் தயவுசெஞ்சு அந்த அரை ஏக்கர்ல அடிக்காதீங்க, அடிச்சா கீரையும் போயிடும், ஊடால போட்ட தொவரை மொச்சையும் போயிடும்.

வெதைக்கு மொதல்ல பாட்டியக் கேளுங்க. உங்க மலைல கட்டவெட்டி சாமை, மல்லிய சாமை, பெருங்கேழ்வரகுன்னு அங்கங்க யாரு வீட்லயாவது இன்னும் ஒரு சொரக்குடுக்கைல வச்சிருப்பாங்க. கெடைக்கலைன்னா வேளாண் பல்கலைக்கழகத்து ஏ.டி.எல் 1 சாமை இருக்கு, 90 நாள் கிட்ட அறுப்புக்கு வந்துடும், ப்ளாக் வேளாண் ஆபீஸ்ல விசாரிங்க. மரவள்ளி புடுங்குன காடு சத்து எறங்கிப் போயிருக்கும், அதனால மொத வருஷ வெளைச்சல வச்சு முடிவு பண்ண வேணாம்னு அப்பாகிட்ட இப்பவே சொல்லிடுங்க, ரெண்டு வண்டி எருவு போட்டு ஓட்டி விடுங்க.

தருமபுரி_அக்கா

அவரை வெதை நான் தர்றேன் தம்பி, எங்க காட்டு அவரை, கார்த்திகைல இருந்து தை வரைக்கும் விடாம காய்க்கும். மொச்சையும் ஒரு படி இருக்கு. தனி மெசேஜ்ல பேசிக்கலாம். அண்ணிய நல்லா பாத்துக்கோங்க.

மேட்டுக்காட்டான்

அனுப்பிட்டேன் அக்கா. பாட்டிகிட்டக் கேட்டேன் அண்ணா, சாமை வெதை இல்லையாம், ஆனா பக்கத்து ஊர்ல அவங்க நாத்தனார் வீட்ல பெருங்கேழ்வரகு இருக்குன்னு சொல்றாங்க, ஞாயித்துக்கிழமை அவங்களையே கூட்டிட்டுப் போறேன். பக்கத்துக் காட்டுக்காரர் ஒருத்தர் சரின்னுட்டார், இன்னொருத்தர் கிழங்கு வெல தெரிஞ்சப்புறம் சொல்றேங்கிறார்.