மறு: ஓஆர்எம்முக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஓஆர்எம் (ஆப்ஜெக்ட்-ரிலேஷனல் மேப்பிங்), அதாவது நிரலில் உள்ள பொருட்களை (ஆப்ஜெக்ட்) தரவுத்தள அட்டவணைகளோடு பொருத்தும் முறைக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை மூன்று நாட்களாக வாசித்து வருகிறேன். நல்ல சொற்கள் பல வந்துவிட்டன. இதுவரை நான் எதற்கும் வாக்களிக்காமல் இருந்ததற்குக் காரணம், என் வகுப்பில் ஒரு மாணவி கேட்ட கேள்வி. அதற்கு விடை தெரியாமல் எந்தச் சொல்லையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் நூலக மாடியில் நானும் இரண்டு நண்பர்களும் பைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். வருபவர்கள் பெரும்பாலும் தமிழ்வழியில் படித்த பிள்ளைகள். தரவுத்தளப் பாடம் தொடங்கிய அன்று, ஒரேயொரு அட்டவணையை உருவாக்கிக் காட்டி, "இது உறவுநிலைத் தரவுத்தளம்" என்றேன். ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "ஒரே அட்டவணைதானே சார் இருக்கு? உறவு வைக்க இன்னொன்று இல்லையே. அப்போ இதை எப்படி உறவுநிலை என்று சொல்வது?"

அன்று நான் சொன்ன பதில் தவறு. "அடுத்த வாரம் இன்னொரு அட்டவணை சேர்ப்போம், அப்போது உறவு வந்துவிடும்" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்த பிறகுதான் உறைத்தது. 1970-இல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் தன் கட்டுரையில் பயன்படுத்திய 'ரிலேஷன்' கணிதத்தின் சொல். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'உறவுகளும் சார்புகளும்' என்று முதல் பாடமே இருக்கிறதே, அந்த உறவு. கணங்களின் உறுப்புகளைச் சேர்த்துச் சேர்த்து எடுத்த வரிசைகளின் தொகுப்பு. ஒவ்வொரு வரியும் அப்படி ஒரு சேர்க்கை. வரிகள் எல்லாம் சேர்ந்த முழு அட்டவணைதான் உறவு. ஆகவே தனியாக நிற்கும் ஒரே அட்டவணையும் முழுமையான உறவுதான். இரண்டு அட்டவணைகளை இணைக்கிற ஃபாரின் கீ வேறு விஷயம். ஆங்கிலத்தில் படித்தவர்களிலும் பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஆனால் தமிழில் இந்தக் குழப்பம் இன்னும் ஆழமாக வேர்விடும். 'உறவு' என்றதும் நமக்கு மாமனும் மச்சானும்தான் நினைவுக்கு வருகிறார்கள். 'தொடர்பு' என்றால் தொலைபேசி. இரண்டுக்குமே இரண்டு பேர் தேவை.

இதை மனதில் வைத்துக்கொண்டு, வந்த சொற்களைப் பார்க்கிறேன்.

> பொருள்-உறவுப் படமாக்கம்

முதலில், மேலே சொன்ன சிக்கல் இதில் அப்படியே இருக்கிறது. அதோடு 'பொருள்' என்றால் அர்த்தம் என்றும் ஆகும் என்பதால், 'பொருளுறவு' என்று சேர்ந்து ஒலிக்கும்போது சொற்களுக்கு இடையிலான அர்த்த உறவு என்றே காதில் விழுகிறது. மொழியியல் பாடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். 'படமாக்கம்' என்றால் கதையைச் சினிமாவாக எடுப்பது என்று பொருள் நிலைத்துவிட்டது. அதை மாற்ற நம்மால் ஆகாது, மாற்றத் தேவையும் இல்லை.

> இணைப்பு என்றே வைத்துக்கொள்ளலாமே? எளிமையாக இருக்கிறது

எளிமைதான். ஆனால் தரவுத்தளத்தோடு நிரல் பேசத் திறக்கும் வழி ஏற்கெனவே இணைப்பு. இரண்டு அட்டவணைகளைச் சேர்த்து வினவுவதும் இணைப்பு. மின்னஞ்சலோடு போகும் கோப்பும் இணைப்பு. "இணைப்பில் இணைப்பை இணைத்து" என்று எழுத வேண்டி வரும்.

> நிரல்நிறை

இந்தச் சொல்லை முன்வைத்த அம்மாவுக்கு என் நன்றி. ஒரு நாள் முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் அணியிலக்கணம் படித்த எல்லோருக்கும் நினைவிருக்கும். 45-ஆம் குறளில் அன்பும் அறனும் என்று அடுக்கிவிட்டு, பண்பும் பயனும் என்று அதே வரிசையில் அடுக்குவார் வள்ளுவர். அன்புக்குப் பண்பு, அறனுக்குப் பயன். சொல்லாமலே ஒன்றுக்கு ஒன்று போய்ச் சேர்ந்துகொள்கிறது. ஒரு தொகுதியின் உறுப்புகளை இன்னொரு தொகுதியின் உறுப்புகளோடு நேர்செய்வதற்கு இதைவிட அழகான சொல்லை நாம் புதிதாக உண்டாக்க முடியாது. இதுதான் சரி என்றே முதலில் முடிவு செய்தேன்.

பிறகு உட்கார்ந்து, நாங்கள் வகுப்பில் எழுதிய நிரலை இந்தச் சொல்லோடு வைத்துப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்கு ஒரு சிறு செயலி. 'நபர்' என்று ஒரு இனக்குழு (கிளாஸ், அதாவது ஒரே வகைப் பொருட்களுக்கான வார்ப்பு). அதன் பண்புகளை மரபுரிமமாகப் (இன்ஹெரிட்டன்ஸ்) பெறும் 'ஆசிரியர்', 'மாணவர்', 'அலுவலர்' என்று மூன்று. நினைவகத்தில் இது ஒரு மரம். அட்டவணைகளுக்கு மரம் தெரியாது. நான்கையும் ஒரே அட்டவணையில் போட்டு, யார் எந்த வகை என்று சொல்ல ஒரு நெடுவரிசை வைக்கலாம். மாணவருக்குச் சம்பளக் கட்டம் காலியாகக் கிடக்கும். பொதுவானவற்றை ஓர் அட்டவணையிலும் சிறப்பானவற்றைத் தனித்தனி அட்டவணைகளிலும் பிரிக்கலாம். ஒரு ஆசிரியரை எடுக்க இரண்டு அட்டவணைகளைத் தொட வேண்டும். ஒவ்வொரு வகைக்கும் முழுமையான தனி அட்டவணை வைக்கலாம். "எல்லா நபர்களையும் காட்டு" என்றால் திண்டாட்டம். ஜாவா மொழியில் ஓஆர்எம்முக்கென உள்ள ஜேபிஏ தரத்தில் இந்த மூன்று வழிகளுக்கும் இடம் இருக்கிறது.

அப்புறம் மாணவர்களும் மன்றங்களும். ஒரு மாணவி பல மன்றங்களில் சேரலாம், ஒரு மன்றத்தில் பலர் இருக்கலாம். நிரலில் இது ஒரு சின்னப் பட்டியல். தரவுத்தளத்திலோ இதற்கென்றே நடுவில் மூன்றாவதாக ஓர் அட்டவணை முளைக்கிறது. அதற்கு ஈடாக நிரலில் இனக்குழுவே இல்லை.

நிரல்நிறையில் இந்தப் பக்கம் இரண்டு என்றால் அந்தப் பக்கமும் இரண்டு. ஓஆர்எம்மில் இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் ஒன்று; இந்தப் பக்கம் ஒன்றுமில்லை, அந்தப் பக்கம் ஒன்று. நிரல்நிறை என்று சொல்லிக்கொடுத்தால், எல்லாம் ஒன்றுக்கொன்று நேராகப் போய் உட்காரும் என்று பிள்ளை நம்பிவிடும். ஓஆர்எம்மில் ஆட்கள் இடறி விழுவதே அப்படி உட்காராத இடங்களில்தான். அழகான சொல் என்பதற்காக அந்த நம்பிக்கையை நான் விதைக்க மாட்டேன்.

ஆனால் அந்தச் சொல்லை விட்டுவிடவும் மனமில்லை. தரவுத்தளத்தை வினவும் மொழியான எஸ்க்யூஎல் எழுதும்போது (பெயர், வயது, ஊர்) என்று நெடுவரிசைகளை அடுக்கி, அதே வரிசையில் மதிப்புகளை அடுக்குகிறோம் அல்லவா? வினவலில் கேள்விக்குறிகளை வைத்துவிட்டு, மதிப்புகளை அதே வரிசையில் பின்னால் தருகிறோமே? அது அச்சு அசலாக வள்ளுவர் செய்ததுதான். வரிசை மாறினால் ஊர்ப் பெயர் வயதில் போய் விழும். இடத்தை வைத்து மதிப்பு ஏற்கும் அந்த அளபுருக்களை (பாராமீட்டர்) 'நிரல்நிறை அளபுரு' என்று அழைப்போம். எங்கள் பிள்ளைகளுக்கு அடுத்த வாரமே இப்படிச் சொல்லிப் பார்க்கப் போகிறேன்.

சரி, ஓஆர்எம்முக்கு என் பரிந்துரை 'இயைப்பு'.

இயைதல் என்றால் தானாகப் பொருந்திப்போவது. இயைத்தல் என்றால் பொருந்தச் செய்வது. அமைதல், அமைத்தல், அமைப்பு என்று வருவதுபோல இயைதல், இயைத்தல், இயைப்பு. வடிவம் வேறான இரண்டு பொருட்களை ஒன்றாக வேலை செய்யவைக்கும் முயற்சி இந்தச் சொல்லிலேயே இருக்கிறது. இரு பக்கமும் எண்ணிக்கையில் சமமாக இருக்கும் என்ற வாக்குறுதி இதில் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த வேரிலிருந்து குடும்பமே கிடைக்கிறது. அந்த வேலையைச் செய்யும் கருவி, உலாவி, செயலி போல 'இயைப்பி'. வினையாக எழுத வேண்டுமா? "மாணவர் என்ற இனக்குழுவை இந்த அட்டவணையோடு இயை." பொருள்நோக்கு நிரலும் அட்டவணையும் முட்டிக்கொள்வதற்கு ஆங்கிலத்தில் மின்னியலிலிருந்து இரவல் வாங்கி 'இம்பீடன்ஸ் மிஸ்மேட்ச்' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், மின்னியல் தெரியாதவருக்கு அது புரியாது. நமக்கு அது 'இயைபின்மை'. இயைபின்மை இருப்பதால் இயைப்பு தேவைப்படுகிறது. சொற்களே பாடத்தைச் சொல்லிவிடுகின்றன. வேறு எந்தப் பரிந்துரையிலும் இது எனக்குக் கிடைக்கவில்லை.

இனி முழுத் தொடர். 'உறவு' வேண்டாம், நேராக 'அட்டவணை' என்றே சொல்வோம். ஆனால் 'பொருள் அட்டவணை இயைப்பு' என்று வைத்தால், புத்தகத்தின் பின்னால் வரும் பொருளட்டவணை நினைவுக்கு வருகிறது. வரிசையை மாற்றினால் போதும்: 'அட்டவணைப் பொருளியைப்பு'. அன்றாடப் பேச்சில் 'பொருளியைப்பு', கருவிக்குப் 'பொருளியைப்பி'. ஜாவாவுக்கு 2001-இல் வந்த ஹைபர்னேட் ஒரு பொருளியைப்பி. பைத்தானுக்கு 2006-இல் வந்த எஸ்க்யூஎல்ஆல்கெமியும் ஒரு பொருளியைப்பி. பைத்தானில் வலைத்தளம் கட்ட உதவும் ஜாங்கோவுக்குள்ளேயே ஒரு பொருளியைப்பி இருக்கிறது. மூன்று முறை உரக்கச் சொல்லிப் பார்த்தேன், நாக்கு இடறவில்லை.

கூடவே இரண்டு சொற்கள், ஏனென்றால் இவை இல்லாமல் பாடம் நடத்த முடியாது.

பொருளைத் தரவுத்தளத்தில் நிலைக்கவைக்கச் சொல்லும் 'பெர்சிஸ்ட்' என்பதற்கு 'சேமி' என்று சிலர் எழுதியிருந்தார்கள். ஜாங்கோவின் சேவ் உடனே தரவுத்தளத்தில் எழுதிவிடும், அதற்குச் 'சேமி' பொருத்தமே. ஆனால் ஹைபர்னேட்டில் பெர்சிஸ்ட் என்று சொன்னதும் எஸ்க்யூஎல் போய்விட வேண்டும் என்றில்லை. இனி இந்தப் பொருள் உன் பொறுப்பு என்று ஒப்படைக்கிறோம், அவ்வளவுதான். எழுதுவது பிறகும் நடக்கலாம். அதனால் 'நிலைப்படுத்து' என்பேன். தேங்கிய மாற்றங்களைத் தரவுத்தளத்துக்கு அனுப்பும் 'ஃப்ளஷ்' என்பதற்கு 'இறக்கிவை'. தலைச்சுமையை வாசலில் இறக்கிவைத்தாலும் வேண்டாம் என்றால் திரும்பத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். கமிட் செய்து 'உறுதிசெய்த' பிறகுதான் அது வீட்டுக்குள் சேர்ந்ததாகக் கணக்கு. எங்கள் வகுப்பில் இந்த மூன்று நிலைகளையும் பிரித்துச் சொன்ன பிறகுதான் "எழுதினேன், ஆனால் தரவு காணோம்" என்ற புகார் நின்றது.

> சோம்பல் ஏற்றம்

'லேசி லோடிங்' என்பதற்கு, அதாவது தரவைத் தேவைப்படும்போது மட்டும் எடுப்பதற்கு வந்த சொல் இது. இதை மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கேட்கும்வரை எடுக்காமல் இருப்பது இங்கே சோம்பல் இல்லை, சிக்கனம். அந்தச் சிக்கனம் எங்கே செலவாகிறது என்பதைத்தான் சொல் காட்ட வேண்டும். ஒரு தெருவில் 100 குடும்ப அட்டைகள். எல்லா அட்டைகளையும் ஒரே வினவலில் எடுத்துவிட்டோம். பிறகு ஒவ்வொரு அட்டையாகச் சுற்றி, "இதன் உறுப்பினர்கள் யார்?" என்று கேட்கிறோம். இயைப்பி ஒவ்வொரு தடவையும் தனியாகத் தரவுத்தளத்துக்கு ஓடுகிறது. ஆக மொத்தம் 101 வினவல்கள். நிரலில் பார்த்தால் இரண்டே வரிகள்தான், ஒரு குற்றமும் தெரியாது. முன்கூட்டியே உறுப்பினர்களையும் சேர்த்துக் கொண்டுவா என்று சொல்லியிருந்தால் ஒன்றோ இரண்டோ வினவல்களில் முடிந்திருக்கும். ஆகவே ஒன்று 'கேட்டபின் ஏற்றல்', மற்றது 'முன்னேற்றல்' என்று எழுதத் தொடங்கினேன். ஆனால் 'முன்னேற்றல்' முன்னேற்றத்தோடு குழம்புகிறது. 'சேர்த்தே ஏற்றல்' எப்படி? இதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை, யாராவது கைகொடுங்கள்.

இலங்கை நண்பர்களிடம் தனியாக ஒரு கேள்வி. இயைப்பு, இயைபின்மை இரண்டும் உங்கள் வகுப்பறைகளில் எப்படி ஒலிக்கும்? அங்கே படிக்கும் பிள்ளைக்கும் இங்கே படிக்கும் பிள்ளைக்கும் ஒரே சொல்லாக அமைய வேண்டும் என்பது என் ஆசை. அங்கே இதைவிட நன்றாகப் புழங்கும் சொல் ஏதேனும் இருந்தால் என்னுடையதை விட்டுவிடத் தயார்.

அந்த மாணவிக்குப் போன ஞாயிறு சரியான பதிலைச் சொன்னேன். கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, முதல் பாடத்தைத் திறந்து காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்போ அட்டவணைத் தரவுத்தளம் என்றே சொல்லியிருக்கலாமே சார்?" என்றாள். அந்தச் சொல்லையும் இங்கே பரிசீலனைக்கு வைக்கிறேன்.

அன்புடன்.