பாயின்ட் ஸ்ப்ரெட், அண்டர்டாக், அப்செட்: தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம் நண்பர்களே,

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துச் சொற்பட்டியலில் ஆடுகளம், ஆட்டக்காரர் பகுதிகள் முடிந்துவிட்டன. மிச்சமிருப்பது கணிப்பு தொடர்பான சொற்கள். பருவத்தின் முதல் ஆட்டத்தில் பெரிய அணியோடு மோதும் சின்ன அணியின் வாய்ப்பை ரசிகர்கள் அலசும்போது புழங்குகிறவை இவை. என் வரைவு:

ஓப்பனர் – தலையாட்டம் (தலைதீபாவளி போல)
அண்டர்டாக் – கத்துக்குட்டி அணி
அப்செட் – அதிர்ச்சித் தோல்வி
பாயின்ட் ஸ்ப்ரெட் – புள்ளிப் பரவல்
கவர் – ?

டச் டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பது), ஃபீல்டு கோல் (பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைப்பது) இரண்டையும் அப்படியே விட்டிருக்கிறேன். அவற்றைத் தமிழாக்கினால் ஸ்கோர் பலகையைப் பார்ப்பவருக்குத்தான் குழப்பம்.

சோதனைக்கு ஒரு வாக்கியம்: “ஸ்ப்ரெட் 27, அண்டர்டாக் கவர் செய்துவிடும், ஆனால் அப்செட்டுக்கு வழியில்லை.” இதைத் தமிழில் மூச்சு முட்டாமல் சொல்ல முடிந்தால் பட்டியல் தேறியது.

* * *

> பாயின்ட் ஸ்ப்ரெட் – புள்ளிப் பரவல்

இது வேண்டாம் ஐயா. பரவல் என்ற சொல்லைப் புள்ளியியல்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். ‘நிகழ்தகவுப் பரவல்’ என்று பாடநூலிலேயே இருக்கிறது. ‘புள்ளிப் பரவல்’ என்றால் வரைபடத்தில் சிதறிக் கிடக்கும் புள்ளிகள்தான் நினைவுக்கு வரும்.

பெயர் வைக்கும் முன் பொருளைப் பார்ப்போம். வலுவான அணிக்கு மைனஸ் 27, எளிய அணிக்கு பிளஸ் 27 என்று பந்தயக் கடை எழுதிப் போடுகிறது. ஆட்டம் முடிந்ததும் எளிய அணியின் கணக்கில் 27-ஐக் கூட்டிப் பார்க்க வேண்டும். 34–10 என்று முடிந்தால் இடைவெளி 24. எளிய அணி தோற்றாலும் அதன்மேல் கட்டியவருக்குப் பணம் வரும். 41–10 என்றால் இடைவெளி 31. வலுவான அணிமேல் கட்டியவருக்கு வரும். சரியாக 27 என்றால் யாருக்கும் இல்லை, கட்டிய பணம் திரும்பிவிடும். அதைத் தவிர்க்கத்தான் 27½ என்று அரைப்புள்ளி ஒட்டுகிறார்கள்.

ஆக, இது பரவல் இல்லை. வலுவில் உள்ள வேறுபாட்டுக்காக முன்கூட்டியே தரும் சரிக்கட்டு. அதற்குத் தமிழில் பழைய சொல் இருக்கிறது: ஈடு. இழப்பீட்டில் இருப்பதும் இதுதான். “இந்த ஆட்டத்துக்கு ஈடு 27” என்று சொல்லிப் பாருங்கள், இடிக்கவில்லை.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. ‘கவர்’ என்பதற்கு நீங்கள் கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள். தோற்றாலும் ஈட்டுக்குள் நின்ற எளிய அணியை என்ன சொல்வோம்? ஈடுகொடுத்தது என்போம். “வயசானவர்தான், ஆனாலும் ஈடுகொடுத்து ஆடினார்” என்று தெருவில் சொல்கிற அதே சொல். வலுவான அணி 31 புள்ளியில் வென்றால் ஈடு தாண்டியது. ஆங்கிலத்தில் இரு அணிக்கும் ஒரே ‘கவர்’தான். நமக்கு இரண்டு கிடைக்கிறது, எந்தப் பக்கம் நின்று பேசுகிறோம் என்பதும் தெரிந்துவிடுகிறது.

* * *

ஈடு நல்ல சொல்தான். ஆனால் இலங்கையில் ஈடு என்றவுடன் அடைமானம்தான் நினைவுக்கு வரும். காணியை ஈடு வைக்கிறது, நகையை ஈடு வைக்கிறது என்று நாளாந்தம் பேசுகிறோம். “மிச்சிகனுக்கு ஈடு 27” என்று தலைப்பிட்டால் மைதானத்தை வங்கியில் வைத்துவிட்டார்களோ என்று கேட்பார்கள்.

தனியாக வரும் இடத்தில் ஈட்டுப்புள்ளி என்று போடலாம். நெடில்தொடர்க் குற்றியலுகரம், ஈடு + புள்ளி ‘ஈட்டுப்புள்ளி’ என்று இரட்டித்துத்தான் வரும், ‘ஈடுப்புள்ளி’ என்று எழுதிவிடாதீர்கள். ஈடுகொடுத்தல், ஈடு தாண்டல் இரண்டிலும் சிக்கல் இல்லை.

‘தலையாட்டம்’ பற்றியும் ஒரு சொல். தலைதீபாவளி சரி, தலைப்பிள்ளை சரி. தலையாட்டம் என்றால் பூம்பூம் மாடு. ‘பருவத் தொடக்க ஆட்டம்’ என்றே வைத்துக்கொள்ளுங்கோ. ஒருமுறை எழுதியபிறகு ‘தொடக்க ஆட்டம்’ போதும்.

* * *

‘கத்துக்குட்டி’யை நான் கடுமையாக எதிர்க்கிறேன். தமிழ்ப் பத்திரிகைகளின் கிரிக்கெட் பக்கத்தில் அது பழகிய சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் அது அனுபவமின்மையைச் சொல்கிறது. அண்டர்டாக் என்பது மற்றவர்களின் எதிர்பார்ப்பைப் பற்றியது.

எடுத்துக்காட்டு, இந்த வகை ஆட்டங்களிலேயே பேர்போனது: 2007 செப்டம்பர் 1, ஆன் ஆர்பர். மிச்சிகன் ஏ.பி. (அசோசியேட்டட் பிரஸ்) தரவரிசையில் 5-ஆம் இடம். எதிரே அப்பலாச்சியன் ஸ்டேட், ஒரு படி கீழே உள்ள எஃப்.சி.எஸ். பிரிவு. அரங்கில் ஒரு லட்சத்துக்கு மேல் கூட்டம். முடிவு 34–32, சின்ன அணிக்கு. தரவரிசையில் இருந்த எஃப்.பி.எஸ். (மேல்பிரிவு) அணியை எஃப்.சி.எஸ். அணி வென்றது அதுவே முதல் முறை. ஆனால் அப்பலாச்சியன் ஸ்டேட் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டும், 2005-இலும் 2006-இலும், தன் பிரிவின் தேசிய சாம்பியன். இவர்களையா கத்துக்குட்டி என்பது?

என் பரிந்துரை: தாழ்கணிப்பு அணி, எதிர்ப்பக்கம் மேல்கணிப்பு அணி. கணிப்புதான் தாழ்வு, அணி தாழ்வு இல்லை.

* * *

> தாழ்கணிப்பு அணி, மேல்கணிப்பு அணி

ஈடு என்ற சொல் கைக்கு வந்தபிறகு இவை எதற்கு? ஈடு பெறும் அணி, ஈடு தரும் அணி என்றால் போதாதா? புதிதாக இரண்டு சொல் மிச்சம்.

* * *

போதாது. நீங்கள் மேலே படித்த அதே 2007 ஆட்டமே காரணம். லாஸ் வேகாஸ் பந்தயக் கடைகளில் பெரும்பாலானவை அந்த ஆட்டத்துக்கு ஈட்டுப்புள்ளியே போடவில்லை. எஃப்.பி.எஸ்.–எஃப்.சி.எஸ். மோதல்களைக் கணக்கில் எடுக்காத வழக்கம் அன்றைக்கு இருந்தது. ஈடே இல்லாத ஆட்டத்தில் ‘ஈடு பெறும் அணி’ எது? சொல் அங்கேயே உடைந்துபோகிறது. தாழ்கணிப்பு அணி என்ற சொல்லுக்குக் கடையின் தயவு வேண்டாம்.

அடுத்து ‘அதிர்ச்சித் தோல்வி’. அது தோற்றவர் வீட்டுச் செய்தி. வென்றவர் பக்கம் நின்று சொல்ல வினைச்சொல் வேண்டும். கவிழ்த்தல், பெயராக கவிழ்ப்பு. ஆட்சிக் கவிழ்ப்பு நமக்குப் பழக்கமானதுதானே. “அப்பலாச்சியன் ஸ்டேட் மிச்சிகனைக் கவிழ்த்தது.” ஐந்தாம் இடத்திலிருந்த மிச்சிகன் அடுத்த வாரம் 25 அணிகளின் பட்டியலிலேயே இல்லை என்பதையும் சேர்த்தால் சொல் இன்னும் பொருந்துகிறது.

கவிழ்ப்பையும் ஈடுகொடுத்தலையும் கலந்துவிடக் கூடாது. வரைவில் ‘வாய்ப்பு’ என்று பொதுவாக எழுதினால் எது என்று தெரியாது. கடையில் இரண்டும் தனித்தனி விலை. ஈட்டுப் பந்தயத்தில் வழக்கமாக 100 வெல்ல 110 கட்ட வேண்டும். நட்டமில்லாமல் நிற்க 210-இல் 110, அதாவது 52.4 விழுக்காடு சரியாகச் சொல்ல வேண்டும். நேராக யார் வெல்வார் என்ற பந்தயத்தில் தாழ்கணிப்பு அணிக்கு பிளஸ் 2000 என்று போட்டிருந்தால், 100 கட்டினால் 2000 லாபம். அதற்குள் ஒளிந்திருக்கும் நிகழ்தகவு 2100-இல் 100, ஐந்து விழுக்காட்டுக்கும் கொஞ்சம் கீழே. கடையின் கமிஷனைக் கழித்தால் இன்னும் குறையும். இந்த ‘மனிலைன்’-க்கு நேர்வெற்றி விலை என்கிறேன். ஒரே அணிக்கு ஈடுகொடுக்கும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதி, கவிழ்க்கும் வாய்ப்பு இருபதில் ஒன்று. இரண்டையும் ‘வாய்ப்பு இருக்கிறது’ என்று எழுதுபவர் ஒன்றும் சொல்லவில்லை.

* * *

ஈட்டின் அளவை வைத்துக் கவிழ்ப்பை அளக்கலாம் என்பதையும் பதிவில் சேருங்கள். 2017 செப்டம்பர் 2: ஹோவர்டு பல்கலைக்கழகம், எஃப்.சி.எஸ். அணி, லாஸ் வேகாஸ் நெவாடா பல்கலைக்கழக (யு.என்.எல்.வி.) அணியை 43–40 என்று கவிழ்த்தது. ஈடு 45! ஈட்டை வைத்து அளந்தால் கல்லூரிக் கால்பந்தின் மிகப் பெரிய கவிழ்ப்பாகச் சொல்லப்படுவது இதுதான். அதுவும் தொடக்க ஆட்டம், புதுப் பயிற்சியாளருக்கு முதல் ஆட்டம்.

இந்த ஆட்டங்கள் ஏன் நடக்கின்றன என்பதற்கும் சொல் வேண்டும். பெரிய பல்கலைக்கழகம் பணம் கொடுத்துச் சின்ன அணியைத் தன் மைதானத்துக்கு வரவழைக்கிறது. ஹோவர்டுக்கு 6,00,000 டாலர். 2007-இல் அப்பலாச்சியன் ஸ்டேட்டுக்கு 4,00,000 டாலர். பெரிய அணிக்குச் சொந்த மைதானத்தில் ஒரு வெற்றி எளிதில் கிடைக்கும் என்ற நம்பிக்கை. சின்னதற்கு அந்தப் பணத்தில் மற்ற விளையாட்டுகளும் ஓடும். ‘கூலிக்கு மாரடிக்கும் ஆட்டம்’ என்றுதான் வாயில் வருகிறது. ஏட்டில் உறுதித்தொகை ஆட்டம் என்று போடலாம்.

* * *

தொடக்க ஆட்டத்தில் தாழ்கணிப்பு அணிக்கு ஏன் மற்ற வாரங்களைவிடக் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைக்கிறது என்பதைச் சொற்களோடு சேர்த்து விளக்கினால்தான் பட்டியல் உயிர்பெறும். என்.எஃப்.எல். அணிகளுக்கு ஆகஸ்ட்டில் முன்னோட்ட ஆட்டங்கள் உண்டு. கல்லூரி அணிகளுக்கு இல்லை. புதுக் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்), புது உதைப்பவர் எல்லாரும் வெளியாள் எதிரே முதல்முறை நிற்பது அன்றைக்குத்தான். எதிரணியின் இந்த ஆண்டுப் படப்பதிவும் கையில் இல்லை. அடுத்த வாரம் பெரிய எதிரி காத்திருந்தால் மேல்கணிப்பு அணி தன் வித்தைகளை ஒளித்துவைக்கும்.

தவறு முதலில் வெடிக்கும் இடம் ஸ்பெஷல் டீம்ஸ், அதாவது உதைகளின்போது இறங்கும் குழு. நான் உதைப்பிரிவு என்கிறேன். 2007 ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிடங்களைப் பாருங்கள். மிச்சிகன் 32–31 என்று ஒரு புள்ளி முன்னிலை. அவர்களின் ஃபீல்டு கோல் தடுக்கப்பட்டது. 26 விநாடி மிச்சமிருக்கையில் அப்பலாச்சியன் ஸ்டேட் 24 கெஜ ஃபீல்டு கோல் அடித்து 34–32 ஆனது. மிச்சிகன் விடாமல் முன்னேறி 37 கெஜத்திலிருந்து இன்னொன்று முயன்றது, அதையும் கோரி லிஞ்ச் தடுத்தார். இரண்டு தடையும் உதைப்பிரிவில்.

சின்ன அணியின் பற்றாக்குறை எங்கே தெரியும்? மாற்று ஆட்டக்காரர்களில். 2025-இல் விதி மாறும்வரை எஃப்.பி.எஸ். அணிக்கு முழு உதவித்தொகை 85, எஃப்.சி.எஸ். அணிக்கு 63, அந்த 63-ஐப் பிரித்துப் பலருக்குத் தரலாம் என்றிருந்தது. முதல் பாதியில் வித்தியாசம் தெரியாது. மூன்றாவது கால்பகுதியில் தடுப்பு வரிசை களைக்கும்போது தெரியும். அதனால் ஆட்டத்தைச் சுருக்குவது ஒரு வழி: பந்தைக் கையில் வைத்து ஓடி, கடிகாரத்தை ஓடவிட்டு, இரு பக்கமும் பந்து கிடைக்கும் முறைகளைக் குறைப்பது. முறை குறைந்தால் குருட்டு அதிர்ஷ்டத்துக்கு இடம் கூடும். 2013 ஆகஸ்ட் 30-இல் நார்த் டகோட்டா ஸ்டேட் கேன்சஸ் ஸ்டேட்டை 24–21 என்று கவிழ்த்தது இந்த வழியில்தான். பந்து கிடைத்த கடைசி முறையில் அடுத்தடுத்து 18 நகர்த்தல்கள், 80 கெஜம். டச் டவுன் விழுந்தபோது மிச்சம் 28 விநாடி. எதிரணிக்குப் பதில் சொல்ல அதிக நேரமில்லை.

ஆனால் அப்பலாச்சியன் ஸ்டேட் இதற்கு நேர் எதிர். ஆட்களைக் களத்தின் அகலம் முழுக்க நிறுத்தி, கூடிப் பேசாமல் வேகமாக அடுத்தடுத்து ஆடியது. அரைநேரத்தில் 28–17 முன்னிலை. ஆங்கிலத்தில் இதற்குப் பெயரும் ‘ஸ்ப்ரெட்’! ஒரே கட்டுரையில் ஸ்ப்ரெட் ஆட்டம், பாயின்ட் ஸ்ப்ரெட் இரண்டும் வந்தால் புதியவருக்குத் தலை சுற்றும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை: இது விரித்தாட்டம், அது ஈட்டுப்புள்ளி.

* * *

விரித்தாட்டம் அருமை. ஒன்று விட்டுப்போயிற்று: ‘பேக்டோர் கவர்’. ஈடு 27, நிலவரம் 38–7. இடைவெளி 31, மேல்கணிப்பு அணி ஈடு தாண்டி நிற்கிறது, மூன்றாம் வரிசை ஆட்களை இறக்கிவிட்டது. ஒரு நிமிடம் இருக்கையில் தாழ்கணிப்பு அணி ஒரு டச் டவுன் போட, 38–14. இடைவெளி 24. ஆட்டத்தின் முடிவில் மாற்றமில்லை, பந்தயத்தின் முடிவு மாறிவிட்டது. கொல்லைப்புற ஈடு என்கிறேன். ஆங்கிலத்திலும் கதவுதான், நம்மிடமும் கொல்லைப்புறம் ஏற்கெனவே உண்டு.

* * *

எல்லாருக்கும் நன்றி. கத்துக்குட்டி, புள்ளிப் பரவல், தலையாட்டம் மூன்றையும் எடுத்துவிட்டேன். அடைமானக் குழப்பத்துக்காக ஈடு தனிச்சொல்லாக வரும் தலைப்புகளில் ஈட்டுப்புள்ளி. சோதனை வாக்கியம் இப்போது:

“ஈட்டுப்புள்ளி 27; தாழ்கணிப்பு அணி ஈடுகொடுத்துவிடும், ஆனால் கவிழ்ப்புக்கு வழியில்லை.”

‘ரெட்ஷர்ட்’ பாக்கி. சிவப்புச் சட்டை என்று யாரும் எழுதி அனுப்ப வேண்டாம்; ஓர் ஆண்டு ஆடாமல் தகுதிக் காலத்தைச் சேமித்துவைக்கும் ஏற்பாடு அது. அடுத்த இழையில் பார்ப்போம்.