பீமில் வளைவு அதிர்வை அடக்கியவர்களின் அனுபவங்கள்

நீளமான எஃகு பீம். இரு முனைகளையும் மணல் பெட்டிக்குள் புதைத்திருந்தோம். முனையில் மோதித் திரும்பாமல் அலை மணலிலேயே அடங்கிவிடும். ஒரு பக்கம் ஷேக்கர் (பீமை ஆட்டும் கருவி), நடுவில் அப்சார்பர் (அதிர்வை அடக்க மாட்டும் துணை அமைப்பு): மெல்லிய எஃகுப் பட்டை, அதன் இரு சிறகிலும் நகர்த்தி இறுக்கும் எடைகள். எடையை வெளியே தள்ளினால் அப்சார்பர் இயல்பாக ஆடும் அதிர்வெண் இறங்கும், உள்ளே இழுத்தால் ஏறும்.

ஷேக்கரின் அதிர்வெண்ணுக்குச் சரியாக டியூன் செய்ததும், மாட்டிய இடத்தில் பீம் அசையவே இல்லை. எடைகள் மட்டும் கண்ணுக்குத் தெரிய ஆடின. ஆனால் அதற்கு அப்பால் மெழுகு வைத்து ஒட்டியிருந்த அக்சிலரோமீட்டரில் (அதிர்வை அளக்கும் சென்சார்) அதிர்வு நன்றாகவே பதிவானது. கணக்கு போட்டால் காரணம் புரியும். ஒரு புள்ளியை அசையாமல் பிடித்தாலும் பீம் அந்த இடத்தில் சாய்ந்து கொடுக்கும். அந்த வழியாகவே அலையின் ஆற்றலில் சரிபாதி கடந்துவிடும்.

எடையை மயிரிழை வெளியே தள்ளி, அப்சார்பரின் அதிர்வெண்ணை ஷேக்கருக்குச் சற்றுக் கீழே கொண்டுவந்தோம். இப்போது அது ஸ்பிரிங் மாதிரி எதிர்த்து நிற்கிறது. மாட்டிய இடம் மறுபடி அசைகிறது, அப்பாலோ அமைதி! அப்சார்பரில் டேம்பிங் (ஆற்றலை வெப்பமாக இழப்பது) இல்லையென்றால் அலை முழுவதும் திரும்பிவிடும். எனக்கு இதில் அவ்வளவு சந்தோஷம். டியூன் செய்பவர்கள் சென்சாரை அப்சார்பர் அடியில் வைக்காதீர்கள், காக்க வேண்டிய பக்கத்தில் வையுங்கள்.

பதில்:
எங்கள் ஆலையில் நேர்மாறு. பம்ப் உட்கார்ந்திருக்கும் இடம் அடங்கினாலே போதும், அதனால் சரியான டியூனிங்தான் வேண்டும். டியூனிங் மாறாத அப்சார்பர் ஒரு ரெசொனன்ஸை (அதிர்வு பெருகும் அதிர்வெண்ணை) இரண்டாகப் பிரித்துவிடும். விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) போட்டபின் பம்ப் வேகம் அந்த இரண்டில் ஒன்றில் போய் நின்றால் பழையபடி ஆட்டம். இப்போது சின்ன மோட்டார் ஸ்க்ரூவைச் சுற்றி எடையை நகர்த்துகிறது. பீமின் அசைவுக்கும் எடையின் அசைவுக்கும் 90° கட்ட வித்தியாசம் (கால் சுற்று முன்பின்) வந்ததும் நிற்கும்; அதுதான் சரியான டியூனிங்கின் அடையாளம்.

பதில்:
நான் கேண்டிலீவரில் (ஒரு முனை மட்டும் பிடித்த பீம்) பைசோ ஒட்டினேன், அதாவது வளைந்தால் மின்னழுத்தம் தரும் தகடு. வளைவுத் திரிபு வேரில்தான் (பிடித்த முனையில்) அதிகம், அதனால் ஒட்டுவதும் அங்கேதான். பைசோவோடு இண்டக்டரை (கம்பிச்சுருள்) இணைத்தால் அந்த சர்க்யூட்டே அப்சார்பர் வேலை செய்யும், ஆனால் குறைந்த அதிர்வெண்ணுக்கு நூற்றுக்கணக்கான ஹென்றி இண்டக்டர் தேவைப்படும். அதற்குப் பதில் ஆப்-ஆம்ப் (பெருக்கிச் சில்லு) சர்க்யூட்டே இண்டக்டராக நடிக்கும், பொட்டன்ஷியோமீட்டரைத் திருப்பி டியூன் செய்யலாம். வெப்பத்தோடு பைசோவின் கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டம் சேமிக்கும் திறன்) மாறி டியூனிங் நழுவுகிறது. மேலே சொன்ன 90° முறையை இதற்கும் பயன்படுத்திய யாராவது உண்டா?